எழுபது வளைவுக்கு மேலே

பிப். 2, ஞாயிறு

பனி. பத்து மணி ஆகியும் எதிரே மிளகுக் கொடி தெரியவில்லை. படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணல்.

வெள்ளி மாலை. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதுமே அடிவயிற்றில் இழுவை. எழுபது வளைவும் கம்பியைப் பிடித்தபடி. வீட்டுக்கு வந்து பார்த்தால் ரத்தம். கொஞ்சம்தான். ஆனால் நாலாம் மாதம்.

நேற்று ஜீப்பில் ஆரம்ப சுகாதார நிலையம். துடிப்பு இருக்கிறது என்றார் டாக்டரம்மா. எல்லார் முன்னாலும் அழுதேன், வெட்கமாக இல்லை. பிறகு தண்டனை: "நல்லாப் படுத்து ஓய்வெடுக்கணும். அந்த ரோட்டுல இறங்குற பேச்சே இப்போதைக்கு வேண்டாம். பஸ்ஸோ, காரோ."

மாமியார் முகத்தில் கவலையும் சந்தோஷமும் ஒன்றாக. "நல்லதாப் போச்சு சாமி. ஊட்டோட இரு. அங்க ரூமுல உன்னை ஆரு பாக்குறா?" தங்கமான மனுஷி. அதுதான் தொல்லை.

நான் சொல்ல வந்த விஷயம் வேறு. சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது. நான் ஆராய்ச்சி செய்த பல்கலைக்கழகத்துக்கு அடுத்த தெரு. 17ஆம் தேதி சேர வேண்டும். சேர்ந்தால் இனிக் குடித்தனம் கீழேதான்.

கல்யாணத்தின்போது கு.வுடன் பேசிக்கொண்டது: படிப்பு முடியும்வரை இரண்டு ஊர், பிறகு ஒரே ஊர். எந்த ஊர் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவதாக இருந்தேன்.

பிப். 3, திங்கள்

கட்டிலிலிருந்து தெரிவது: சில்வர் ஓக் மரம் மூன்று, கொடி சுற்றியவை. ஒற்றை மூங்கில் ஏணி. ஏணி உச்சியில் கு.வின் கால் மட்டும். வாசலில் காயும் மிளகு. கோழி. மறுபடி அதே கோழி.

கேட்பது: ஒன்றுமில்லை.

விடுமுறைக்கு வருகிறவர்கள் "என்ன அமைதி!" என்று படம் பிடித்துப் போகிறார்கள். இரண்டு நாளில் இறங்கிவிடுகிறவர்களுக்கு எந்த ஊரும் சொர்க்கம்தான்.

சேலம் அறையில் இந்நேரம்: ஜெராக்ஸ் மிஷின், மெஸ்ஸில் தட்டு விழும் சத்தம், பையன்கள் பைக்கை முறுக்குவது, அறைத்தோழி ரேவதி போனில் அவள் அம்மாவோடு சண்டை. தலைவலி என்று தினமும் திட்டியது நான்தான். இப்போது அதில் ஒரு சத்தம் கேட்டால் போதும் போலிருக்கிறது.

பிப். 6, வியாழன்

வெயில். மாத்திரை தீர்ந்தது, வாங்கச் சொல்ல வேண்டும்.

இங்கே டவர் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, மேட்டுப் பாறை. எனக்கு ஏறத் தடை. சாயங்காலம் ஆளாளுக்கு போனை அங்கே கொண்டுபோய்ப் பிடித்து, மெசேஜ் விழுந்ததும் எடுத்துவருகிறார்கள், குழாயடியில் குடம் நிரப்புகிற மாதிரி.

கு. தினமும் கேட்கிறார். "உம் போனையும் குடு மலரு. கொண்டு போயிட்டு வாரேன்."

"சார்ஜ் இல்லீங்க."

பொய். பாறையைத் தொட்டதும் ரேவதியின் "அவர்கிட்டச் சொன்னியா?" வந்து திரையில் நிற்கும். அவர் அடுத்தவர் மெசேஜைப் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் திரை படிக்காதவருக்கும் காட்டும். போன் தலையணைக்கடியில். 12ஆம் தேதிக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பிப். 9, ஞாயிறு

ரத்தம் நின்று நாலு நாள். சாமைச் சோறு, பூண்டுக் குழம்பு. தின்று தின்று படுக்கை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். வாசலில் பேச்சு, உள்ளே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கீழெல்லாம் தண்ணிகூட வெலைக்குத்தான். இனி எதுக்குப் போறா?"

மாமியார்: "போகமாட்டா. அவளுக்கே இங்கதான் புடிச்சிருக்கு."

எழுந்து போய் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் பூண்டை மென்றுகொண்டு கிடந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம். கு.வைப் பிடிக்கும், இந்த அம்மாவைப் பிடிக்கும், இந்த ஊரில் இருக்கப் பிடிக்காது. இதை எந்த வாயால் சொல்வது? மதில்மேல் பூனையாவது தானாக ஏறிய பூனை.

என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் பிரசவத்துக்கு என்று இறங்க ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

பிப். 11, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் போனில் கல்லூரிக்கு மெசேஜ் அடித்தேன்: "17ஆம் தேதி சேர்கிறேன் மேடம்." அனுப்பினேன். போகாமல் அப்படியே நின்றது. பாறைக்குப் போனால்தான் போகும். பாறைக்குக் கொண்டுபோக இருப்பது கு. ஒருவர்தான்.

கு. மிளகுக் கோணியோடு வந்தார். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு சரத்திலிருந்து மிளகை விரலால் உதிர்த்தார்.

"அப்ப நானு?"

"நீங்களும் வாங்களேன்."

"அங்க வந்து என்ன பண்றது மலரு? மொட்டை மாடியில மிளகு காயப் போடட்டா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"வேண்டாம்னா கொண்டு போகாதீங்க. போன் இங்கயே கிடக்கட்டும்" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் பாரத்தை அவர் தலையில் தூக்கி வைத்தேன்.

போனை எடுத்துக்கொண்டு போனார். ஜன்னலில் கொஞ்ச தூரம் தெரிந்தார். எழுந்து கூப்பிட்டு நிறுத்தலாமா என்று இரண்டு முறை தோன்றியது. பொழுது சாயத் திரும்பி வந்து போனைத் தலையணைமேல் வைத்தார்.

"போயிருச்சு."

பிப். 13, வியாழன்

மாமியாருக்கும் தெரியும். திட்டவில்லை, சோறு மட்டும் முன்னைவிட அதிகமாகப் போடுகிறார். திட்டினால் தேவலை.

பதில் போய்விட்டது, ஆள் இங்கே கிடக்கிறேன். இதைவிடக் கேவலம் உண்டா?

நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பார்த்தார். துடிப்பு நன்றாக இருக்கிறது. டாக்டரம்மா சொல்லி அனுப்பியது: மலை ரோடு இன்னும் வேண்டாம், அலுங்காமல் இறங்க முடிந்தால் போகலாம். "அலுங்காம எப்படிங்க போறது?" என்று நானும் நர்ஸம்மாவும் சிரித்தோம். கு. சிரிக்கவில்லை.

நர்ஸம்மா போனபிறகு கு. சொன்னார்: "தூளி கட்டிக்கலாம்."

ரோடு எட்டாத குடிசைகளில் நோயாளியை அப்படித்தான் இறக்குவார்கள். மூங்கிலில் கம்பளியைக் கட்டி, ஆளைப் படுக்கவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில். மூன்று பேரிடம் பேசியாயிற்றாம். நாலாவது ஆள் அவர்.

பிப். 15, சனி. சேலம்

விடிந்ததும் வாசலில் ஆட்கள். அப்போதுதான் பயம் பிடித்தது. நேற்றுவரை ரோடு என்னைப் பிடித்து வைத்திருந்தது, அதைத் திட்டிக்கொண்டு கிடந்தேன். இன்று திட்ட ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மூங்கிலைத் தோட்டத்தில் போட்டுவிட்டு மிளகு பறிக்கப் போய்விடுவார்கள்.

"கட்டட்டுமா?" என்றார் கு.

"கட்டுங்க."

மாமியார் வந்து கம்பளியை என் காலுக்கடியில் செருகினார். முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்களிடம்தான் சொன்னார்: "கம்பு வெறுமனே மேல வரக்கூடாதுடா. உப்பு வாங்கிப் போட்டுட்டு வாங்க." இந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம். ஆளை இறக்கிய தூளி காலியாகத் திரும்பக் கூடாது.

வழியெல்லாம் தெரிந்தது வானம், இலை, கு.வின் பிடரி. முன்கம்பில் அவர். திரும்பிப் பார்க்கவே இல்லை. "கல்லு, பாத்து." "தோள் மாத்துடா." "அக்கா தூங்கிட்டாங்களாட்ட இருக்குது." தூங்கவில்லை. கண்ணைத் திறந்தால் அழுவேன், அழுதால் நின்றுவிடுவார்கள்.

அடிவாரத்தில் ரேவதி காரோடு நின்றாள். கு. கடைக்குப் போய் ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கிவந்தார். நான் படுத்திருந்த பள்ளத்திலேயே அதை வைத்தார்கள். தூக்கினார்கள்.

"வாரேன்" என்றார்.

என் இடத்தில் உப்பு ஆடிக்கொண்டே மேலே போயிற்று. ஏறி உட்கார்ந்த காரின் கதவைத் திறந்து பின்னாலேயே ஓட வேண்டும் போலிருந்தது. ஓடக் கூடாது, டாக்டர் உத்தரவு.

பிப். 17, திங்கள்

வெயில். சேர்ந்தேன். கையெழுத்து, ஒரு நாற்காலி, ஒரு பீரோ சாவி. ஃபேன் சுற்றவில்லை, சொல்ல வேண்டும்.

மாலை ஸ்கேன். குழந்தை நலம். இந்த ஊர் டாக்டர்: "பிரசவம் வரைக்கும் மலைப் பக்கமே போகக்கூடாதும்மா."

கட்டிலிலிருந்து தெரிவது: எதிர் மாடி, ஜெராக்ஸ் கடை போர்டு, தண்ணீர் லாரி. கேட்பது: எல்லாம். நான் கேட்ட சத்தம்தான். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஆறரைக்கு கு. கூப்பிட்டார், பாறையிலிருந்து. காற்று இரைச்சல்.

"உப்பு வந்து சேந்துருச்சு. அம்மா ஜாடியில கொட்டி வெச்சிருச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

நாளைக்கும் பாறைக்கு வாரீங்களா என்று கேட்டேன். அதற்குள் லைன் போய்விட்டது. காதில் விழுந்ததா தெரியவில்லை.