பூங்காவைப் பேசி முடித்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை தெருவெல்லாம் செராய் வாசனை. கொசுவை விரட்ட வேலியோரம் நாம் நட்ட அந்த எலுமிச்சைப்புல்லை மண்வாரி இயந்திரம் வேரோடு நசுக்கிக்கொண்டிருந்தது. பூங்கா இருந்த இடத்தில் கடை வரிசை வரப்போகிறதாம். வேலைக்குப் போகாமல் அங்கேயே நின்றேன்.

முதலாளிகள் எஸ்டேட்டை விற்று, நாம் குடியிருந்த லயத்தை இடித்து, நம்மைச் செர்டாங் ஓரத்தில் இந்தத் தரை வீடுகளில் கொண்டுவந்து கொட்டியபோது, பூங்கா என்று அவர்கள் காட்டியது உடைந்த சறுக்குமரத்தையும் குப்பை மேட்டையும்தான். அதைப் பூங்காவாக்கியது நாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கதவு கதவாகத் தட்டி ஆள் பிடிப்பீர்கள். உங்கள் மகனைவிட நாலைந்து வயதுதான் நான் மூத்தவன். ஆனாலும் ஊரோடு சேர்ந்து உங்களை அக்கா என்றே கூப்பிட்டேன்.

"போன்ல ஊரத் திருத்துனது போதும் தம்பி. வந்து லோங்காங்க அள்ளு" என்று என்னைச் சாக்கடைப் பக்கம் தள்ளிவிடுவீர்கள்.

சட்டமன்ற உறுப்பினர் மரம் நட வந்த நாள் நினைவிருக்கிறது. படம் பிடித்து முடிந்ததும் கார் ஏறிப் போய்விட்டார். நீங்கள் குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

"பிளாஸ்டிக் பையோடயே பொதச்சிட்டுப் போயிருக்கான் பாருலா! இது எங்கேருந்து வேர் விடும்?"

நாற்று மேடையில் செம்பனைக் கன்று வளர்த்த கை உங்களுடையது. தோண்டி எடுத்து, பையைக் கிழித்து, நீங்களே திரும்ப நட்டீர்கள். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இந்த ஊரில் ஏமாற்றாத ஆள் ஒருவராவது இருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

போன வருடம் நில அளவுக்காரர்கள் பூங்காவுக்கு வந்து சிவப்புக் குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். பூங்காவை எடுக்கக் கூடாதென்று மனு எழுதி, நான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். வாசலிலேயே மறித்தீர்கள்.

"கையெழுத்தெல்லாம் வேணாம் தம்பி. சண்ட போட்டா இருக்கறதயும் புடுங்குவானுங்க. நான் பேசிட்டேன்லா. ஒன்னும் ஆவாது."

நம்பினேன். அடுத்த ஞாயிறு நீங்களே காகிதப்பூக் கன்றுகள் கொண்டுவந்தீர்கள். வரிசையாக நட்டோம்.

பிறகு சர்க்கரை நோய் முதலில் உங்கள் காலையும் அப்புறம் உங்களையும் கொண்டுபோனது. பூங்காவுக்கு உங்கள் பெயர் வைக்க வேண்டுமென்று இழவு வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னவன் நான்தான். உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டான். துக்கம் என்று நினைத்தேன்.

இன்று அவன்தான் ஆரஞ்சு மேல்சட்டையோடு அந்த இயந்திரத்துக்குக் கைகாட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"டேய், ஒங்கம்மா நட்டதுடா இது!"

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா?"

"அம்மாதான்ணே இவங்ககிட்ட பேசி முடிச்சாங்க. ஊர்ல யாரும் சத்தம் போடாம நான் பாத்துக்கிறேன்னாங்க. அதுக்குத்தான் எனக்கு இந்தக் கண்ட்ராக்டர்கிட்ட வேல. ஒங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்: "தள்ளி நில்லுங்கண்ணே, மிஷின் திரும்புது."

அவன் வேலையில்லாமல் சுற்றியதும், அவனைப் போலீஸ் பிடித்துப் போனதும், நிலைய வாசலில் நீங்கள் நின்றதும் எனக்குத் தெரியும். ஒரு வேலைக்கு ஒரு பூங்கா. அவர்கள் நம்மிடம் வாங்குவது எப்போதுமே இப்படித்தான்: ஒருவரின் அவசரத்தைப் பார்த்து எல்லோருடையதையும். அவர்கள் மேல் எனக்கு இருப்பது பழகிப்போன கோபம். உங்கள் மேல் வந்திருப்பதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், அவனுக்காக வாயை மூடிக்கொண்டும் இருந்திருப்பேன். அதை முடிவு செய்யக்கூட என்னை விடவில்லை. இடிபடப் போவது தெரிந்தும் எதற்கு அக்கா அந்தக் காகிதப்பூ?

மத்தியானம் நம் பூங்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு, சிடாம் கிரி ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்தாள். அவர்கள் தெருவிலும் பூங்கா போடுகிறார்களாம். "செடி வைக்கச் சொல்லித் தர வர்றீங்களாண்ணே?" என்றாள்.

"ஒங்களுக்கு என்ன தர்றேன்னு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னும் இல்லண்ணே. சும்மாதான்" என்றாள் சின்னக் குரலில்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும், எந்த மண்ணை மேலே போட வேண்டும் என்று நீங்கள் காட்டியதெல்லாம் என் கையில் இருக்கிறது, அப்படியே செய்வேன். ஆனால் அதற்கு முன், அவள் முகத்தைப் பார்த்து அதே கேள்வியை இன்னொரு முறை கேட்பேன்.