ஓலை மூடிய ஊற்று

புதுப்பட்டினம்,
சித்திரை, 1974

சர்வேயர் ஐயாவுக்கு,

அன்புள்ள கணவருக்கு என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் வரைந்த படத்தைக் காட்டித்தான் எங்கள் மணல்மேட்டைச் சுற்றிச் சர்க்கார் ஆட்கள் வேலி போட்டுவிட்டார்கள். ‘தண்ணீரில்லாத வெறும் மணல்’ என்று எழுதியிருக்கிறீர்களாமே! “இன்னாடி, நம்ம ஊத்து மாப்பிள்ளைக்குத் தெரியாதா?” என்று அம்மா கேட்கிறாள்.

தண்ணீர் எடுத்ததும் பனையோலை போட்டு, மேலே மணல் தள்ளி மூடிவிடுவது எங்கள் வழக்கம். வெளியூர்க்காரன் ஏமாந்திருக்கலாம். கல்யாணத்துக்கு மறுநாள் அந்த ஓலையை விலக்கி, என் கையால் வாங்கிக் குடித்தவர் நீங்கள். மேலதிகாரி சொன்னார் என்று மட்டும் சமாதானம் சொல்லாதீர்கள்.

நேற்று வேலிக்குள் நுழைந்து தண்ணீர் எடுத்தோம். அம்மா மேலும் என் மேலும் கேஸ். கோர்ட்டுக்கு வந்து ஊற்று இருக்கிறது என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் என்னை அழைத்துப்போக வராதீர்கள்.

இப்படிக்கு,
அந்த வெறும் மணலில் பிறந்தவள்