எட்டாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி

செவ்வாய், இரவு.

1. பள்ளித் தகராறு.
2. மகன் மருமகளை அடித்தது.
3. பேத்தி மாலு தூங்கிவிட்டாள், அவளுக்கு எதுவும் தெரியாது.

மாலுவை எட்டாம் வகுப்புக்குச் சாலைக் கடைத்தெருவிலுள்ள தமிழ் அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றான் மகன். கரமனையிலுள்ள மலையாளப் பள்ளிதான் என்றாள் மருமகள்.

"நீங்க தமிழ்ல படிச்சுத்தானே சாலையில ஆணி விக்கிறீங்க?"

கையிலிருந்த எவர்சில்வர் செம்பை வீசினான். அவள் நெற்றி பிளந்தது. அவளும் தோசைக் கரண்டியால் அவன் கன்னத்தில் அறைந்தாள். கீழே தள்ளி மிதித்தான். "வேண்டாம்டா" என்று நான் சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை.

இதை எழுதும்போது மாலு வந்து என் கையைப் பிடித்தாள்.

"தாத்தா, எனக்கு எந்த ஸ்கூலும் வேண்டா. அம்மாவை அடிக்கண்டாம்னு அப்பாகிட்ட சொல்லு."

மூன்றாவதாக எழுதியது தவறு.