தியானத்துக்கு இரண்டு மணை

இன்று விடிகாலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் உங்கள் வேட்டி. என் சிவப்புச் சுங்குடிப் புடவையின் சாயம் ஏறி, கிட்டத்தட்ட காவியாகிப் போன அதே வேட்டி. கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். என்னடி சிரிப்பு என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

உங்கள் கோபம் அப்போது மாடவீதி முழுக்கப் பிரசித்தம். ரசத்தில் உப்பில்லை என்றால் தட்டு கூடத்தில் வந்து விழும். நான் மட்டும் லேசுப்பட்டவளா? வாய்க்கு வாய் கொடுப்பேன். ஒருநாள் தட்டை வீசிவிட்டு உங்கள் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் பொழுது விடிவதற்குள் குளித்து, கூடத்தில் மணை போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டீர்கள். அப்புறம் அது தினப்படி வழக்கமாகிவிட்டது.

தட்டு பறப்பது நின்றது. ஊர் மெச்சியது. மனுஷர் சாந்தமாக ஆக ஆக என்னைவிட்டு விலகிப் போகிறாரோ என்று எனக்குத்தான் பயம். அந்தச் சமயம் பார்த்துக் கொடியில் காவி வேட்டி தொங்கினால் என்ன நினைப்பேன்? வேலைக்காரி இரண்டையும் சேர்த்து ஊறப்போட்டது எனக்கெப்படித் தெரியும்?

"சந்நியாசம் வாங்கிக்கப் போறேளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று ஓவென்று அழுதேன்.

"அசடே, உன் புடவைச் சாயம்டி அது! சந்நியாசி கார்த்தால எழுந்து டிகாக்ஷன் எறங்கித்தான்னு கேப்பானா? பயமா இருந்தா நீயும் வந்து உக்காரு" என்று இன்னொரு மணையைப் போட்டீர்கள்.

அப்புறம் யுத்தம் வந்தது. பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று தெருவே மூட்டை கட்டி ரயிலேறியது. ஆபீஸ் உங்களை விடவில்லை. உங்களை விட்டுப் போக எனக்கு மனசில்லை. பூட்டிய வீடுகளுக்கு நடுவில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் ஓரக்கண்ணைத் திறந்து உங்களைப் பார்ப்பேன்.

"கண்ணை மூடிக்கோடி. நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்றீர்கள், கண்ணைத் திறக்காமலே.

குண்டு விழவில்லை. ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். போன ஐப்பசியில் ஜுரம் கண்டு நீங்கள்தான் போனீர்கள். பொய் சொல்லிவிட்டீர்களே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஆனாலும் தினமும் உட்காருகிறேன். உங்கள் மணையையும் போடுகிறேன். "இன்னாம்மா, ரெண்டு பலகை போட்டுக்கினு ஒண்டியா குந்திக்கினு கீறே?" என்று வேலைக்காரி கேட்கிறாள். கண் மூடுவதே இல்லை. அந்த மணையைப் பார்த்துக்கொண்டே பொழுது விடிந்துவிடும். என் வாய் அடங்கிவிட்டது என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். தியானத்தில் அடங்கியதா, சண்டை போட ஆளில்லாமல் அடங்கியதா, எனக்கே தெரியவில்லை.

இன்று பெட்டியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கண் தானாக மூடிக்கொண்டது. பக்கத்தில் உங்கள் மூச்சு கேட்டது, நிதானமாக, நீளமாக. கண்ணைத் திறந்தால் நின்றுவிடுமோ என்று அசையாமல் இருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது, அது என் மூச்சு.