காலில்லாமல் வரும் பனி

மார்கழி, திங்கள். விடாத மழை.

குஞ்சம்மா, இன்றும் பால்வெட்டு இல்லை. ரப்பர் மரமெல்லாம் ஈரம். உன் கம்பளி காயவே இல்லை.

வாத்தியார் சொன்னார் என்று ஒரு கதை சொன்னாயே, அதே நினைவு. முன்னொரு காலத்தில் பல நூறு வருசம் உலகமே குளிர்ந்து கிடந்ததாம். வெள்ளைக்காரன் சீமையில் மலைமேல் இருந்த பனிக்கட்டி வளர்ந்து வளர்ந்து கீழே இறங்கியதாம். வயல், வீடு, மாட்டுக்கொட்டகை, எல்லாவற்றையும் மெல்ல விழுங்கியதாம். சாமியாரைக் கூட்டிப்போய் ஜெபம் பண்ணியும் நிற்கவில்லையாம்.

"பனிக்கட்டி நடக்குமாடி? அதுக்குக் கால் இருக்கா?" என்று சிரித்தேன்.

"கால் இல்லாமத்தாம்மா வரும். நாம பாக்கறப்ப நிக்கும். அப்புறம் பாத்தா வாசல்ல இருக்கும்."

மறுவாரம் உனக்குக் குளிர்காய்ச்சல். சாக்கெல்லாம் போர்த்தியும் பல் கிட்டியது. "அம்மா, வாசலுக்கு வந்திருச்சா?" என்றாய். இல்லடி என்றேன்.

புதன். மூட்டம்.

தோட்டத்து லயங்களைச் சுற்றிப் பட்டாளத்தார் போட்ட முள்கம்பியை இன்னும் உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஆற்றோரம் உன்னைப் புதைத்த இடம் இப்போது வெளியே. இந்த வேலியும் கால் இல்லாமல்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமை உன் பதினாறாம் நாள் படையல். எங்களை வேலை வாங்கும் மண்டோர் அண்ணன் வந்து, "தங்கச்சி, படையல வூட்லயே வெச்சுக்க. ஒரு பிடி சோறு கேட்டைத் தாண்டுனா, காட்டுல ஒளிஞ்சிருக்கற கம்யூனிஸ்டுக்காரனுக்குன்னு போலீசு பிடிச்சிருவான்லா. லாபு தோட்டத்துல அப்படிப் பிடிச்சிட்டுப் போன ஒருத்தன் இன்னும் வரல" என்றார்.

உன் அப்பாவும் அதையே. "அவளுக்கு வூடு தெரியாதா?"

வீடு தெரியும். கம்பியைத் தாண்டத் தெரியுமா?

வெள்ளி. மழை இல்லை. நல்ல குளிர்.

விடியுமுன் பால்வெட்டுக்குப் போகும்போது கேட்டில் வாளியைக் கவிழ்ப்பார்கள், மடியைத் தடவுவார்கள். அதனால் சோற்றை வாழையிலையில் மடித்துக் கொண்டைக்குள் வைத்தேன். மேலே தலைத்துணி. ஆறின சோறாக வைத்திருக்கலாம். புத்தி போகவில்லை. குளிரில் கிடக்கிறவளுக்குச் சூடாகத் தரணும் என்று அடுப்பிலிருந்து இறக்கியதும் எடுத்துவிட்டேன். உச்சி வெந்தது.

கேட்டு விளக்கு வெளிச்சத்தில் என் தலை புகைந்தது.

"ஆப்பா இத்து?" என்றான் மலாய்ப் போலீஸ்காரன், அது என்ன என்று. துப்பாக்கி இந்தப் பக்கம் திரும்பியது. பொம்பளைகளைச் சோதிக்கிற மரியாயி வந்து கொண்டையில் கை வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வெந்நீர்ல தல முழுகிட்டு துவட்டாம வந்திருக்கு, கிறுக்கு! போ, போ, சளி பிடிக்கும்!" அவனிடம் மலாயில் ஏதோ சொன்னாள். சிரித்தான்.

என் காதோடு: "அக்கா, எனக்கும் புள்ள இருக்கு. இனிமே வேணாம்."

உன் தலைமாட்டில் வைத்தேன். ஆவி வந்தது. வயிறு கொஞ்சம் ஆறியது.

சனி.

பால் எடுத்துத் திரும்பும்போது ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை. இலையை மடித்து, மேலே ஒரு கல். காக்கை இலையை மடிக்குமா? கால்தடம் பார்க்கக் குனிந்தேன். பயம். பார்க்காமலே எழுந்துவிட்டேன். இலையை ஆற்றில் விட்டேன்.

உன் அப்பாவிடம் சொல்லவில்லை.

ஞாயிறு. குளிர்.

காலையில் ஆற்றோரம் பட்டாளத்து லாரி. ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறதாம், யாரோ சோறு கொடுத்திருக்கிறார்களாம். கேட்டில் சோதிக்கிறவள் எப்படி விட்டாள் என்று மரியாயியை ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். இன்னும் வரவில்லை. அவள் பிள்ளை வாசலில் நின்று அழுகிறது. உன் அப்பா கதவைச் சாத்தச் சொல்கிறார்.

சாத்தவில்லை. சேலை மாற்றிக்கொண்டேன். போய்ச் சொல்லப்போகிறேன், சோறு என்னுடையது, என் பிள்ளைக்கு வைத்தது என்று. செத்த பிள்ளைதான் தின்றாள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.

குஞ்சம்மா, தின்றது நீதானே?