தம்பி பார்த்திட்டான்

ரொறன்ரோ,
மே 25

அன்பு மருமகள் நிருஜாவுக்கு,

மாமா எழுதுகிறேன். லண்டனில் நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் விட்டுவிட்டது. மல்வேர்ன் வீட்டில் உன் அம்மா கத்தரிக் கன்று வைத்திருக்கிறா. என்னை விட அதற்குத்தான் கவனிப்பு அதிகம்.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். சொன்னால் நீ உடனே அண்ணன் தினேசுக்கு எடுத்துச் சண்டை பிடிப்பாய். அவனும் பாவம், என்ன செய்வான்?

போன ஆடி மழையில் ரோட்டு வெள்ளம் டிரைவ்வே வழியாக இறங்கி அம்மாவின் பேஸ்மென்ட் அறைக்குள் வந்தது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவ மேலே சோபாவில்தான் படுத்தா. போன மாதம் அந்த ரோட்டின் மழைநீர்க் குழாயைச் சோதிக்கிற வேலை எனக்கே வந்தது. சில்லில் உருண்டு போகிற கமெராவைக் குழாய்க்குள் விட்டு, ரோட்டில் நிற்பாட்டிய வானுக்குள் இருந்து திரையில் பார்த்து, ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போடவேண்டும். ஐந்து என்றால் ஆக மோசம். அம்மா தேத்தண்ணியோடு வானுக்கே வந்துவிட்டா. திரையைப் பார்த்து, உதுக்குள்ள எலி இல்லையோ என்று கேட்டா. நானும் சிரித்தேன். அங்கே சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மரவேர் பாதிக் குழாயை அடைத்திருந்தது. ஓரிடத்தில் மேல்பக்கம் வெடித்து மண் இறங்கியிருந்தது. போதாததற்கு அது அந்தக் காலத்து மழைக்குப் போட்ட குழாய். துப்புரவாக்கினாலும் இப்போதைய மழைக்குக் காணாது. நாலு போட்டேன்.

நாலு என்றால் ஐந்தெல்லாம் திருத்தி முடியும்வரை காத்திருக்க வேண்டும். சூப்பர்வைசர் றோயிடம் என் அக்கா வீடு என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல மனுசன்தான். ஐந்து வாங்கிய ரோட்டுகளின் படங்களை எடுத்துக் காட்டினான். அங்கேயும் பேஸ்மென்டில் யாரோ படுக்கிறார்கள். அடுத்த வருசம் கூட நடக்கும் என்று சொல்ல ஏலாது என்றான். நாலை ஐந்தாக்க என் கை போனது, பிள்ளை. மனம் வரவில்லை.

இதற்குள் அம்மா ரோட்டு முழுக்கச் சொல்லிவிட்டா, தம்பி பார்த்திட்டான், இனிப் பயமில்லை என்று. நான் பார்த்ததைத் திருத்தியதாகவே எடுத்துக்கொண்டா. அடுத்த கிழமையே கட்டிலும் சாமிப்படமும் திரும்பக் கீழே போய்விட்டன. நான் பார்த்தது மட்டும்தான் அக்கா, ஒன்றும் செய்யவில்லை என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன். நீ சின்ன வயதிலிருந்தே அடக்கம்தானே என்கிறா. பக்கத்து வீட்டு கிளடிஸ் அன்ரி எனக்கு நன்றி சொல்லிக் கேக் அனுப்பினா. அதைத் தினேசின் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன்.

மேலேயே படுக்கச் சொல்லித் தினேசும் கெஞ்சிப் பார்த்தான். பேரப்பிள்ளைகளின் சத்தத்தில் அவவுக்கு அங்கே நித்திரை வராதாம். அந்த முழங்காலோடு அவ படியேறுவதை நீ பார்த்திருக்கிறாய். வெள்ளம் அவ்வளவு நேரம் பொறுக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கீழே போன் வேலை செய்யாது. பெரிய மழை வருகிறதென்றால் நான் உனக்கு முதலே செய்தி போடுவேன். நேரம் பார்க்காமல் தினேசின் போனுக்கு எடு. நீ என்றால் அம்மா எப்படியும் மேலே வந்துவிடுவா. என்ன கதைப்பது என்று யோசிக்காதே. கத்தரிக் கன்றைப் பற்றிக் கேள், அதுவே கனநேரம் ஓடும்.

பிள்ளையார் உங்களுக்கெல்லாம் துணையிருக்கட்டும். மழை விடும்வரை மட்டும் போனை வைத்துவிடாதே, பிள்ளை.

உன் மாமா,
மாமாங்கம்