எங்கள் அடுப்பில் சுட்ட கிழங்கு

டியெங் மலை,
ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மர்சியாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அம்மாவும் உன் மகள் வெனிங்கும் இங்கே மலையில் சுகமாக இருக்கிறோம். நீயும், தைவானில் நீ வேலை செய்யும் வீட்டில் பார்த்துக்கொள்ளும் அந்த வயதான பெரியம்மாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததுமே வெனிங் வந்து பிடுங்கிக்கொள்கிறாள், மிச்ச நேரத்தை உன் அம்மா எடுத்துக்கொள்கிறாள், எனக்குக் கிடைப்பது கடைசியில் தலையாட்டும் வேலை மட்டும். இப்போது நான் சொல்ல வேண்டியது தலையாட்டிச் சொல்லும் விஷயம் இல்லை, வெனிங் பக்கத்தில் நின்று கேட்கவும் கூடாது. அதனால் கணப்புச் சட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் குளிர்தான் காரணம், வயது இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. இந்த வருஷம் நச்சுப்பனி சீக்கிரமே இறங்கிவிட்டது, மேல்வயலில் உருளைக்கிழங்குச் செடி பாதி கருகிப் போச்சு, கீழ்வயல் நீராவிக் குழிக்குப் பக்கத்தில் இருப்பதால் தப்பித்தது. கந்தக நாற்றம் என்று எத்தனை நாள் திட்டியிருப்போம், கடைசியில் அதுதான் சோறு போடுகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போகும்போது மட்டும் வலி தெரிவதில்லை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்குப் பெரிது, உன் அம்மா அதை எடுத்து அவள் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறாள், மூட்டை நடந்து வருவது மாதிரி இருக்கிறது. நீ சட்டை அனுப்புவதை நிறுத்திவிட்டு வேளாவேளைக்குச் சாப்பிடு, போன தடவை போனில் உன் கன்னம் ஒட்டியிருந்தது, வெளிச்சம் சரியில்லை என்று நீ சொன்னதை உன் அம்மா நம்பினாள், நான் நம்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வெனிங்கின் சடைமுடியை வெட்டி இறக்கிவிடுங்கள் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். எங்களுக்கும் அந்த ஆசைதான், பாவம், குளித்தால் சடை காய நாள் முழுக்க ஆகிறது, தலையைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தாள். ஆனால் நாமாக நினைத்து இறக்குகிற சடையா அது? யாரும் பின்னாமல், காய்ச்சலோடு தானாகத் திரிந்து வந்த சடை. பிள்ளை தன் வாயால் ஒன்றைக் கேட்க வேண்டும், எப்போது கேட்டாலும் அதையே கேட்க வேண்டும், கேட்டதைக் கேட்டபடி கொடுத்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடலாம். இல்லாவிட்டால் காய்ச்சலும் திரும்பும், சடையும் திரும்பும், இதெல்லாம் உனக்குத் தெரியாததா. நீ சைக்கிள் கேட்பாள் என்று பணம் அனுப்பி வைத்தாய். பெரியவர்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது உன் அம்மாவுக்கும் தெரியும், அதனால் வாயால் எடுத்துக்கொடுக்கவில்லை, வெனிங்கை வோனோசோபோ சந்தைக்குக் கூட்டிப் போய்ச் சைக்கிள் கடை வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பு அறுந்த மாதிரி குனிந்துகொண்டே இருந்திருக்கிறாள். வெனிங் ஒரு சிவப்புச் சைக்கிளின் மணியை அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பாட்டி. ஆனா சடைக்கு நான் கேக்கப்போறது வேற" என்று சொல்லிவிட்டாளாம்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னால் குட்டை மணையில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்: "அப்பா நம்ம அடுப்புல எனக்கு ஒரு கிழங்கு சுட்டுத் தரணும். தோலும் அவரே உரிச்சுத் தரணும். அவ்ளோதான்." உன் அம்மா எரிகிற அடுப்பையே மறுபடி ஊதினாள். நான் எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விட்டேன். மர்சியா, அந்தக் காய்ச்சல் வாரத்தை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பிள்ளை கொதித்துக்கொண்டு கிடந்தாள், நீ மடியை விட்டு இறக்கவில்லை, முட்டைக்கோஸ் லாரி ஓட்டிக்கொண்டு ஸெமாராங் போன உன் புருஷன் திரியந்தோ திரும்பி வரவே இல்லை, அங்கே ஒரு பெண் வீட்டில் இருக்கிறான் என்று மற்ற லாரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். அவன் வந்து நின்றபோது பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுத் தலைமுடி சடையாகத் திரிந்திருந்தது. நீ அவனை வேண்டாம் என்றாய், இந்த வாசற்படியை அவன் மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அது தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

இப்படிக் கேட்க இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று உன் அம்மாவிடம் சண்டை பிடித்தேன், அவள் தன் தாய்மேல் சத்தியம் செய்தாள். பிள்ளையையே கேட்டோம். "யாரும் சொல்லல. எனக்கே ஞாபகம் இருக்கு. சாம்பல ஊதிட்டு, இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டே இருப்பாரு" என்று செய்து காட்டினாள். அப்போது நாலு வயதுகூட நிறையாத பிள்ளைக்குக் காய்ச்சல் ஞாபகம் இல்லை, அழுதது ஞாபகம் இல்லை, அது மட்டும் தங்கியிருக்கிறது பார். மறந்துவிடுவாள் என்று காத்திருந்தோம், மறுபடி கேட்டோம், அதே கிழங்கு. ரமலான் முடிந்து புதுச்சட்டை போட்ட சந்தோஷத்தில் கேட்டோம், அதே கிழங்கு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, பக்கத்து வீட்டு ஜுமிரா வேலியோரம் நின்று, "ஏன் அண்ணே, ஊருல மத்த பிள்ளைங்க ஆடு கேக்குது, தங்கக் கம்மல் கேக்குது. உம்ம பேத்தி ஒரே ஒரு கிழங்கு கேக்குறா, அதக் குடுக்க இம்புட்டு யோசனையா?" என்றாள். குத்திக் காட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

அப்புறம் நான் ஒரு தந்திரம் செய்தேன், சொன்னால் சிரிப்பாய். அடிவாரத்தில் தன் தாய் வீட்டில்தான் திரியந்தோ இருக்கிறான், அந்தப் பெண் அவனை விட்டு எப்போதோ போய்விட்டாளாம். லாரிக்காரன் ஒருவனிடம் சொல்லி அனுப்பி, அவனை அங்கேயே ஒரு கிழங்கு சுட்டு உரித்துக் கொடுத்தனுப்பச் சொன்னேன். படியும் மிதிக்க வேண்டாம், கேட்டதும் கொடுத்த மாதிரி ஆச்சு. வாழை இலையில் சுற்றி, துணி போர்த்தி, சூடு ஆறாமல் வந்தது. வெனிங் பிரித்தாள், மோந்து பார்த்தாள், உப்புத் தொட்டுக்கொண்டு ஒரு துண்டு விடாமல் தின்றாள். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சு. ஆனா இது நம்ம அடுப்பு இல்ல தாத்தா. இது கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டாள். சடை இறக்கும் பெரியவர் ருஸ்மானிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் பொக்கை வாயால் சிரித்து, "பாதி குடுத்தா பாதிக் காய்ச்சலோட நிக்கும்னு நெனைக்கிறியா? கேட்டது கேட்டபடிதான்யா. சடை உன் வாசற்படிய மதிக்காது" என்றார்.

உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவனை உள்ளே விடக் கூடாது என்றுதான் இருந்தேன். போனையும் எடுத்தேன். அன்றைக்குப் பார்த்து அந்தப் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த கதையை நீ சொல்லிக்கொண்டிருந்தாய், உன் கண்கள் சிவந்திருந்தன, வெனிங் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தாள். கேட்டால் நீ சரி என்று சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் விழித்திருப்பாய். அதனால் நானே முடிவு செய்தேன். கோபம் வந்தால் என்மேல் காட்டு, அம்மாவைத் திட்டாதே, அவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனாலும் திட்டாதே.

போன ஞாயிற்றுக்கிழமை அவனை வரச் சொல்லியிருந்தோம். அன்றைக்கென்று பார்த்து நச்சுப்பனி மறுபடி இறங்கிவிட்டது, வெயில் படுவதற்குள் இலைமேல் இருக்கிற பனியைக் கழுவியாக வேண்டும் என்று விடியும்போதே குழாயைத் தூக்கிக்கொண்டு கீழ்வயலுக்குப் போனேன். நான் இந்தக் கோடியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறேன், அந்தக் கோடியில் இன்னொரு குழாய் தண்ணீர் அடிக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் திரியந்தோ. கைலியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, விரல் சிவந்து, குனிந்த தலை நிமிராமல் அடித்துக்கொண்டு வருகிறான். வா என்று நான் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வயலைக் கழுவி முடித்தோம். அவன் பின்னால் வர, நான் முன்னால் வீட்டுக்கு நடந்தேன். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் அவன் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறான். "மாமா" என்று மட்டும் சொன்னான். இரண்டே எழுத்து, வா என்று சொல்ல ஒரே எழுத்து போதும், ஆனால் என் நாக்கு எழவில்லை. உன் அம்மா அடுப்படியில் இருந்து என்னை முறைக்கிறாள், பெரியவர் ருஸ்மான் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். அப்போது வெனிங் வந்து என் கைலியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, வழிய விடுங்க. தணல் அடங்கிரும்" என்றாள். அப்புறம்தான் தெரிந்தது, வாசலை அடைத்துக்கொண்டு நின்றதே நான்தான். நகர்ந்தேன். அவன் குனிந்து உள்ளே வந்தான்.

அவன் கூடையில் இருந்து ஒரு சின்னக் கிழங்கைப் பொறுக்கிச் சாம்பலுக்குள் தள்ளினான், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்ததும் எடுத்து, ஊதி, அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் மாற்றி, தோலை உரித்துக் கொடுத்தான். அவள் மெதுவாகத் தின்றாள். பெரியவர் துஆ ஓதிச் சடையை ஒவ்வொன்றாக நறுக்கினார், அவள் அசையவே இல்லை. முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு அவனிடம், "சரிப்பா. நீங்க கெளம்பலாம். லாரி நிக்குதுல்ல?" என்றாள். அவனை இரு என்று சொல்லுவாள், போகாதே என்று காலைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம் மர்சியா. அவள் கேட்டது கிழங்குதான். கிழங்கு வந்தது, முடிந்தது. அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் உடைந்து, முகத்தைக் கைலியில் புதைத்துக்கொண்டான். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் என் வாயிலிருந்து, "சடை இறக்கினதுக்கு ஆக்கின கந்தூரிச் சோறு இருக்கு, தின்னுட்டுப் போகட்டும்" என்று வந்துவிட்டது. உன் அம்மா காதில் விழாத மாதிரி அவசரமாக ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.

சாப்பிட்டான். கிளம்பும்போது உன்னைப் பற்றி, "அவளுக்கு அந்த ஊரு ஒத்துக்குதா மாமா?" என்று கேட்டான். "அத நீ கேக்க வேண்டாம்" என்றேன், அவன் சரி மாமா என்று போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது, ஒன்றையும் நான் மறைக்கவில்லை. இதனால் நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, யாரையும் மன்னிக்க வேண்டியதில்லை. ஏரியில் விட வேண்டிய சடையை இன்னும் விடவில்லை, பெற்றவள் வந்து விடுவதுதான் முறை என்று சொல்லி வெள்ளைத் துணியில் முடிந்து உத்தரத்தில் வைத்திருக்கிறேன், நீ லீவில் வரும்போது நீயும் நானும் வெனிங்குமாகப் போய் விடலாம். தலை இப்போது எலி கடித்த மாதிரி இருக்கிறது, போனில் பார்த்துச் சிரித்துவிடாதே, அவள் தன்னை அழகி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொள், பெரியம்மாவைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு, தொழுகையை விடாதே. உன் கையும் காலும் சுகமாக இருக்கவும், உன் வேலையில் வெளிச்சம் இருக்கவும் நாங்கள் ஒவ்வொரு வேளையும் கையேந்துகிறோம். சைக்கிள் பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை, அவளுக்கு அது சும்மாவே வேண்டுமாம், சடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையாம்.

ஒன்றை மட்டும் நீ கட்டாயம் கேட்பாய், நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு விடியற்காலையும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்றைக்கும் வயலில் பனியைக் கழுவிவிட்டு வந்து தொட்டேன். என் கை மரத்துப் போயிருந்ததால் கையை நம்பாமல், குனிந்து என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது மகளே. "தாத்தா, மீசை குத்துது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
உன் வரவுக்கு வாசலை அடைக்காமல் நிற்கும்
அப்பா சர்கோவி